முதல் பக்கத்தில் ஒரு சவ ஊர்தி

மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் தகவல் காளிதாஸுக்குத்தான் போகும். சொந்தபந்தமெல்லாம் அடுத்தபடிதான். பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடிகளுக்கு ஊதாத் திரை மாட்டி, வெகு காலமாகத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிணங்களை ஏற்றிக்கொண்டிருந்தார் அவர். கணவனை இழந்தவளுக்கு வாய் வராத நேரத்தில், அவரே தன் கடையில் இருந்த தொலைபேசியில் சிரம்பானுக்கும் மூவாருக்கும் கூப்பிட்டு உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுவார். கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே அவரும் மனைவி புனிதாவும் குடியிருந்தார்கள்.

அவர் ஒருநாளும் விளம்பரம் செய்ததில்லை. இழவு வீட்டில் கார்டு நீட்டினால் கையை ஒடித்துவிடுவார்கள். வேனின் பின்கதவில் கொட்டை எழுத்தில் தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான். வீட்டிலிருந்து தோட்டத்து வாசல்வரை வண்டி நகர்ந்து நகர்ந்து போகும். பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களுக்கு வாசிக்க வேறு எதுவும் இருக்காது. நடந்து முடிப்பதற்குள் அந்த எண் மண்டையில் ஏறிவிடும். பெற்ற பிள்ளையின் பிறந்த நாளை மறந்தவன்கூட காளிதாஸின் எண்ணை மறக்க மாட்டான். அடுத்த சாவுக்கு அதுவே வாயில் வந்து நிற்கும்.

பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் இளைய மகன் சின்னத்தம்பியோடு இருந்த அவருடைய தாய் வேலாயிக்கு இந்த வேனைப் பற்றித் தலைகொள்ளாத பெருமை. மற்ற கிழவிகள் மகன் வாங்கிய காரில் கோயிலுக்குப் போனதைச் சொல்லிக்கொள்வார்கள். வேலாயி மட்டும், "நான் போறப்ப என் மவன் வண்டியிலதான் போவேன். யாரு கையையும் பாக்க வேணாம்" என்பாள். கேட்கிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். காளிதாஸ் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வேனைக் கழுவிக்கொண்டுதான் போவார்.

இப்படி ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதனுக்குத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் முன்னேற்றம் வந்து சேர்ந்தது.

அது மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து பாதிக் கடைகள் படுத்துவிட்ட சமயம். கடையில் ஈ ஓட்டுகிறவர்களுக்குச் சங்கம் வைக்க நேரம் கிடைத்தது. காப்புறுதிப் பாலிசி விற்றுக்கொண்டிருந்த கணேசமூர்த்தி, மலாக்கா மாநிலத் தமிழ் வணிகர் இணைய முன்னேற்ற மன்றம் என்று ஒன்றைத் தொடங்கினார். தொடங்கிய அன்றே அதன் தலைவரானார், மறுவாரம் 'இணையச் செம்மல்' ஆனார். பட்டத்தைக் கொடுத்ததும் மன்றம்தான். தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவருடைய மைத்துனர்.

தொடக்க விழா பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எல்லாரும் போகிறார்களே என்று காளிதாஸும் போனார். மேடையில் ஒரு கணினியை உட்கார வைத்து, திரைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டிருந்தார்கள். புது வண்டிக்குச் செய்வதுபோல எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டுமென்று யாரோ சொல்ல, மௌஸின் அடியிலும் சக்கரம்போல உருண்டை ஒன்று உருள்வதைக் கண்டுபிடித்து அதன் கீழ் வைத்து நசுக்கினார்கள். சாறு இறங்கிய மௌஸ் அதோடு படுத்துவிட்டது. வேறொன்று கொண்டுவரப்பட்டு, மோடத்தைத் தொலைபேசி வயரில் செருகினார்கள். அது கீச்சென்றும் கரகரவென்றும் கத்தத் தொடங்கியதும் கணேசமூர்த்தி எழுந்து நின்றார். அவர் நின்றதால் மேடை நின்றது, மேடை நின்றதால் சபை நின்றது. மோடம் கத்தி ஓயும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். இணைப்பு முதல் தடவை கிடைக்கவில்லை. அதனால் இன்னொரு முறையும் நிற்க வேண்டியிருந்தது.

பிறகு தலைவர் பேசினார். "தாய்மார்களே, பெரியோர்களே, வணிகச் சிங்கங்களே. இனி வாடிக்கையாளன் கடைத்தெருவில் நம்மைத் தேட மாட்டான், கம்ப்யூட்டரில் தேடுவான். தேடினால் முதல் பக்கத்தில் நம் பெயர் வர வேண்டும். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறவன் செத்தவன்." செத்தவன் என்று வந்ததும் சபை காளிதாஸைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. அந்தக் கைதட்டலில் கூச்சப்பட்டுத்தான் அவர் உறுப்பினரானார்.

வலைத்தளம் செய்து கொடுக்கும் பொறுப்பு புவனேஷினுடையது. பத்து பெரண்டாம் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பழுது பார்த்து, ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளைஞன். மன்றத்தில் அவனுக்குப் பெயர் தலைமைத் தொழில்நுட்ப ஆலோசகர். எல்லா உறுப்பினருக்கும் ஒரே அச்சில் பக்கம் வார்த்தான். மேலே கணேசமூர்த்தி கோட்டுப் போட்ட படம், நடுவில் வியாபாரம், கீழே பெரிய எழுத்தில் 'தங்கள் வருகைக்கு நன்றி, மீண்டும் வருக'. சவ ஊர்திக்கு இது சரிப்படுமா என்று காளிதாஸ் தயங்கிக் கேட்டார். அச்சை மாற்றச் செயற்குழு கூட வேண்டும் என்று பதில் வந்தது. அனுபவித்தவர்கள் கருத்து என்று ஒரு கட்டமும் இருந்தது. சேவையை அனுபவித்தவர்கள் யாரும் கருத்துச் சொல்லும் நிலையில் இல்லை என்று அவர் விளக்கிப் பார்த்தார். காலியாக விடக்கூடாது என்பது விதி. முடிவில் 'சொகுசான பயணம், எங்கேயும் நிற்கவில்லை' என்று புவனேஷே எழுதிப் போட்டான்.

அடுத்தது சொற்கள். பிணம், சவப்பெட்டி, கருமாதி என்று காளிதாஸ் சொல்லச் சொல்ல புவனேஷ் உதட்டைப் பிதுக்கினான். உலகத்தில் யாரும் இதையெல்லாம் தேடுவதில்லையாம். மலாக்கா என்றால் தேனிலவு, கடற்கரை, மலிவு அறை, இவைதான் ஓடுமாம். அவற்றைப் பக்கத்தின் அடியில் வெள்ளைமேல் வெள்ளையாக வரி வரியாகத் தட்டி வைத்தான்.

"ஒன்னும் தெரியலயே, தம்பி. எப்படிப் படிப்பாங்க?"

"மனுசன் படிக்க இல்லண்ணே. மெஷின் படிக்க. மனுசன் படிச்சா நமக்கு என்னா லாபம்?"

முதல் வெற்றி வர நாளாகவில்லை. எங்கோ குளிர் தேசத்திலிருந்து புதுமணத் தம்பதி ஒன்று, உங்கள் வண்டியில் படுக்கை வசதி உண்டா, கடல் தெரியுமா என்று மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டது. படுக்கை உண்டு, ஜன்னலுக்குத் திரையும் உண்டு, ஒரு வண்டிக்கு ஒருவர் மட்டுமே என்று புவனேஷ் பணிவாகப் பதில் போட்டான். அவர்கள் மறுபடி எழுதவில்லை. ஆண்டறிக்கையில் அது 'வெளிநாட்டு வணிகத் தொடர்பு' என்ற தலைப்பில் இடம் பெற்றது.

பிறகு வேனின் பின்கதவுக்கு வந்தார்கள். தொலைபேசி எண் பழைய காலத்து வழக்கம், மன்றத்துக்கு இழுக்கு என்று தீர்மானம் போட்டு, அதை அழித்துவிட்டு வலைத்தள முகவரியை எழுதச் சொன்னார்கள். இலவசமாகக் கிடைத்த முகவரி என்பதால் அது ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு ஓடி, பம்பர்வரை இறங்கியது. நடுவில் அலைபோல ஒரு குறி வரும். பெயின்டர் சுப்பன் அதைத் தன் கைவரிசையில் நெளித்துவிட்டான். அடுத்த சாவில் வண்டிக்குப் பின்னால் நடந்த ஒரு கிழவி அதை நாகம்மாள் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றவர்களுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றே தெரியவில்லை. அன்றைக்கு யார் மண்டையிலும் எதுவும் ஏறவில்லை.

இத்தனை செய்தும் கவுண்டர் ஏறவில்லை. பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்பெட்டிக்குத்தான் கவுண்டர் என்று பெயர். அது முடங்கிக் கிடந்தபோதுதான் கணேசமூர்த்திக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. மொய்.

"என் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வந்தாய், உன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் வருகிறேன். இந்தப் பண்பாட்டை வெள்ளைக்காரன் அறிவானா? அதை இணையத்தில் புகுத்துவோம். தினமும் மாலையில் ஒவ்வோர் உறுப்பினரும் மற்ற எல்லாருடைய தளத்துக்கும் போய் வர வேண்டும். வந்தவருக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டும். இப்படியே ஒருவரை ஒருவர் தூக்கி முதல் பக்கத்தில் வைப்போம்."

கூட்டத்தில் சிலருக்குக் கண் கலங்கியது. ஏதாவது வாங்குகிறவன் எப்போது வருவான் என்று கேட்கத் தோன்றியவர்களும் இருந்தார்கள். கேட்டால் பண்பாட்டுக்கு விரோதி ஆகிவிடுவோமே என்று பயந்து அவர்களும் கை தட்டினார்கள்.

அன்றுமுதல் மலாக்கா மாநிலத் தமிழ் வணிகம் சாயங்காலமானால் ஒருவர் பக்கத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. என் தளத்துக்கு நேற்று வரவில்லை என்று ஜவுளிக்கடைக்காரர் நகைக்கடைக்காரரோடு பேச்சை நிறுத்தினார். கூட்டிவைத்துச் சமாதானம் பேசி, நகைக்கடைக்காரர் இரட்டிப்பாக வந்து குறையைத் தீர்த்தார். வராதவர்களுக்குக் காரணம் கேட்டு ஓலை போயிற்று. காளிதாஸ் கடன்பட்டுப் பழக்கமில்லாத மனிதர். யார் வந்தாலும் அன்றைக்கே திருப்பிச் செய்தார். ஒவ்வொரு பக்கமும் கணேசமூர்த்தியின் கோட்டிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். கோட்டுப் பொத்தான் வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்.

கடையில் இருந்தது ஒரே தொலைபேசி வயர். மோடம் அதைப் பிடித்துக்கொண்டால் கூப்பிடுகிறவனுக்கு 'டொய்ங் டொய்ங்' என்று எங்கேஜ் சத்தம்தான். கைத்தொலைபேசி அப்போது சவ ஊர்திக்காரருக்குக் கட்டுபடியாகிற பொருள் இல்லை. தோட்டத்தில் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பி, முடிவெடுத்துக் கூப்பிடுவதும் அதே சாயங்கால நேரம்தான். கூப்பிட்டார்கள், காத்திருந்தார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். பிணம் காத்திருக்கும், ஐஸ் காத்திருக்காது. பக்கத்து ஊரான மெர்லிமாவில் நல்லமுத்து என்று ஒருவர் இருந்தார். அவரும் வேன்காரர்தான். மன்றம் அவரை மின்னஞ்சல் இல்லாதவர் என்று சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய வேனின் பின்கதவில் தொலைபேசி எண் அப்படியே இருந்தது.

"ஏங்க, மூனாவது பொணமும் அந்த மெர்லிமாவ்காரருக்கே போயிருச்சு. அந்த வயர புடுங்கிப் போடுங்க" என்றாள் புனிதா. வேலாயியும் ஒருநாள், "எந்நேரமும் யாருகிட்டடா பேசிக்கிட்டே இருக்க? போன் போட்டா கெடைக்கவே மாட்டேங்கிறியே" என்று குறைப்பட்டாள். காளிதாஸுக்கு உள்ளூரப் பயம் தட்டியது. மாதக் கூட்டத்தில் எழுந்து, லைன் கிடைக்காததால் ஆட்கள் வேறு வண்டிக்குப் போகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கணேசமூர்த்தி பரிவோடு சிரித்தார். "காளிதாஸ், உங்க லைன் எங்கேஜ்னா நீங்க பிசின்னு அர்த்தம். பிசியா இருக்கவனத்தான் லா ஒலகம் மதிக்கும். போன் பண்றவன் ஒருத்தன். அவன் ஒரு தடவதான் சாவான். வெப்சைட்டுக்கு வர்றவன் தெனம் வருவான்."

சபை கை தட்டியது. பேச்சு அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காளிதாஸ் அதில் எங்கே தப்பு என்று யோசித்துப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. கை தட்டப்பட்ட பேச்சில் தப்பிருக்கும் என்று நம்பும் துணிச்சல் அவருக்கு இல்லை.

ஆண்டு விழாவில் 'இணையச் சிகரம்' விருது உண்டு என்று அறிவித்தார்கள். அதிக வருகை பெற்ற தளத்துக்கு. ஒழுங்காகத் திருப்பிச் செய்ததால் காளிதாஸின் கவுண்டர் முன்னால் நின்றது. கடைசி நாள்வரை விடக்கூடாது என்று புவனேஷ் வந்து, பக்கம் தன்னைத் தானே திரும்பத் திரும்பத் திறந்துகொள்ளும்படி செய்து கொடுத்தான். யாரும் உட்கார வேண்டாம். காளிதாஸின் தளத்துக்குக் காளிதாஸின் கம்ப்யூட்டரே ஓயாமல் வந்து போகும். வயரை மட்டும் பிடுங்கக் கூடாது.

விருதைத் தம்பதி சமேதராக வாங்க வேண்டும் என்பது விதி. ஒத்திகைக்குக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். வேறு வண்டி கிடையாது என்பதால் இருவரும் வேனில்தான் கிளம்பினார்கள். கடையைப் பூட்டும்போது புனிதா மோடத்தின் சிவப்பு விளக்குகளைப் பார்த்தாள். "இது இன்னிக்கி ஒரு நாளோட போதுங்க" என்றாள். அவரும் சரி என்றார். மண்டபத்தில், சிறப்பு விருந்தினர் கண்ணில் படாதபடி வேனைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார்கள்.

அன்று விடியற்காலையிலேயே வேலாயி போய்ச் சேர்ந்திருந்தாள். முகம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். சின்னத்தம்பி தோட்டத்துக் கடையில் இருந்த தொலைபேசிக்கு ஓடினான். எங்கேஜ். வெயில் ஏறியபோதும் எங்கேஜ், உச்சிப்பொழுதிலும் எங்கேஜ். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார்சைக்கிளில் ஜாசினுக்கே போய்ப் பார்த்தார். கடை பூட்டியிருந்தது. கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தவருக்கு உள்ளே சிவப்பு விளக்குகள் மினுக்குவது தெரிந்தது, மனிதர் யாரும் தெரியவில்லை. எந்த மண்டபம் என்று சொல்லவும் யாருமில்லை. உறவுகளுக்குச் சொல்லியனுப்பவும் ஆளில்லை. எல்லார் வீட்டுச் சாவையும் ஊருக்குச் சொன்னவர் காளிதாஸ்தான். மறுநாள் கரிநாள், பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைப்பது, பெரியவன் இல்லாவிட்டாலும் காரியம் நிற்காது என்றும் சொன்னார்கள். சின்னத்தம்பி அழுதுகொண்டே மெர்லிமாவுக்குக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே நல்லமுத்து எடுத்தார்.

மண்டபத்தில் அப்போதுதான் சிறப்பு விருந்தினர் வந்திருந்தார். திரையில் தேடிக் காட்டும் அங்கம் தொடங்கியது. காளிதாஸ், ஜாசின், சவ ஊர்தி, தேனிலவு என்று நான்கு சொற்களையும் புவனேஷ் ஆங்கிலத்தில் தட்டினான். உலகத்திலேயே இந்த நான்கும் ஒன்றாக உள்ள பக்கம் அது ஒன்றுதான். அது முதலில் வந்தது. அதற்குக் கீழே வேறெதுவும் வரவில்லை. உலகத்தில் முதலிடம் என்று கணேசமூர்த்தி தழுதழுத்தார். காளிதாஸுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, புனிதாவுக்கு ஒரு தட்டு கொடுத்தார்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று காளிதாஸ் மாலையைக் கழற்றாமலே வேனில் ஏறினார்.

பெம்பான் முனையில் தோட்டத்துப் பாதையிலிருந்து ஒரு சவ ஊர்தி திரும்பியது. நல்லமுத்துவினுடையது. தொழில் மரியாதைக்குக் காளிதாஸ் வேனை ஓரம் கட்டினார். பின்னால் நாலைந்து பேர் நடந்து வந்தார்கள். யாரோ ஆளில்லாத ஜீவன் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

"ஏங்க" என்றாள் புனிதா. "அது நம்ம சின்னத்தம்பிங்க."

ஈர வேட்டியோடு தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னத்தம்பி, அண்ணனையும் கழுத்து மாலையையும் பார்த்தான். நல்லமுத்து வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். "அண்ணே, அம்மா ஆசப்பட்டாங்களாமே. வேணும்னா ஒங்க வண்டிக்கு மாத்திருவோம்ணே" என்றார். கூட வந்த பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றிய பிணத்தை நடுவழியில் இறக்கினால் வீட்டுக்கு ஆகாது. காளிதாஸுக்கும் அது தெரியும். எத்தனையோ இழவில் அவரே அப்படிச் சொல்லித் தடுத்திருக்கிறார்.

அம்மா முன்னால் போனாள். மகனுடைய வண்டி, கழுவித் துடைத்த வண்டி, காலியாகப் பின்னால் போனது. சுடுகாடுவரை அவருக்கு முன்னால் நல்லமுத்துவின் பின்கதவு மட்டும் இருந்தது. அவர் அழவில்லை. பார்த்துக்கொண்டே போனார்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று காளிதாஸ் மோடத்தைப் பிடுங்கினார். வயர் தொலைபேசிக்குத் திரும்பிய சற்று நேரத்தில் மணி அடித்தது. கணேசமூர்த்தி.

"காளிதாஸ், மனச தேத்திக்குங்க. அம்மா விசயம் கேள்விப்பட்டதும் அவசரச் செயற்குழு கூட்டிட்டேன். மெம்பருங்க அத்தன பேரும் வந்துட்டாங்க லா. ஒருத்தர் பாக்கியில்ல."

காளிதாஸ் வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய செருப்பும் புனிதாவின் செருப்பும் கிடந்தன.

"எங்க வந்தாங்க, தலைவரே?"

"ஒங்க வெப்சைட்டுக்குத்தான். கவுண்டர பாருங்க. எங்கம்மா சாவுக்குக்கூட இவ்ளோ கூட்டம் வரல."

"தூக்கறதுக்கு ஆள் பத்தல, தலைவரே. நல்லமுத்துதான் ஒரு கை குடுத்தாரு."

"அவரு மெம்பர் இல்லையே" என்றது மறுமுனை. பிறகு குரலைத் தணித்து, வந்தவர்களுக்கெல்லாம் இன்று இரவுக்குள் திருப்பிச் செய்துவிடும்படி சொன்னார் தலைவர். துக்கம் என்று விட்டுவிட்டால் ஆட்களுக்குள் மனஸ்தாபம் வந்துவிடும், கஷ்டப்பட்டு ஏறிய இடமும் போய்விடும். காளிதாஸ் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கையை எடுப்பதற்குள் மறுபடி மணி அடித்தது. ஒரு பெண் குரல். பின்னால் அழுகைச் சத்தம்.

"காளி மாமாங்களா? தோட்டத்துலேர்ந்து பேசறேன். எங்கப்பா தவறிட்டாருங்க."

காளிதாஸின் கை ஆணியில் தொங்கிய வேன் சாவியைத் தேடிப் போனது. படியில் உட்கார்ந்திருந்த புனிதா எழுந்தாள்.

"நல்லமுத்து அண்ணன் நம்பர் தெரிஞ்சா குடுங்க மாமா. ஒங்க வண்டிதான் இப்பல்லாம் வர்றதில்லையாமே."

சாவி ஆணியிலேயே ஆடியது. அவர் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. பெம்பான் முனையிலிருந்து சுடுகாடுவரை அந்த வண்டிக்குப் பின்னால் போனவர் அவர். வாசிக்க வேறு எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெண் எழுதிக்கொள்ள வசதியாக ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.